நோலீன் டாபின் மழைக்கு வேண்டிக்கொண்ட சனிக்கிழமை

யாரிங்கல் ஊரில் நோலீன் டாபின் சுட்ட சாசேஜைத் தின்னாமல் ஓட்டுப் போட்டவர்கள் என்று யாராவது இருந்தால், அவர்கள் தபாலில் ஓட்டுப் போட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். சைவக்காரர்கள்கூடத் தப்ப முடியாது. அவர்களுக்கு வதக்கிய வெங்காயத்தை மட்டும் ரொட்டித் துண்டில் அள்ளி வைத்து, "இந்தா கண்ணு, மாடு இல்லாத சாசேஜ்" என்று நீட்டிவிடுவாள். அவளுக்கு எல்லாரும் கண்ணுதான். எம்.எல்.ஏ.வும் கண்ணு, பிஷப்பும் கண்ணு, வேகமாகக் கார் ஓட்டினாள் என்று அபராதச் சீட்டு எழுதிய போலீஸ்காரரும் கண்ணு.

அரசுப் பள்ளியின் கேன்டீனை அவள் பத்தொன்பது வருஷமாக நடத்திவந்தாள். அதற்கு முன்னால் ஊருக்கு வெளியே இருந்த இறைச்சித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. சாசேஜுக்குள் என்னென்ன போகிறது என்பதை நேரில் பார்த்தும் அதை விரும்பித் தின்கிற ஒரே ஆள் அவள்தான் என்று கணவன் மெர்வ் சொல்லிக்கொண்டு திரிவான். தொழிற்சாலையை மூடினார்கள். நோலீன் இந்தப் பள்ளிக்கு வந்தாள். அவளும் அதில் படித்தவள்தான், அவளுடைய மூன்று பையன்களும் அதில் படித்தவர்கள்தான். நான்கு பேரில் ஒருவர்கூடக் கணக்கில் தேறவில்லை என்பதில் அவளுக்கு ஒரு குடும்பப் பெருமை உண்டு.

தேர்தல் சனிக்கிழமைதான் வரும், வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில்தான் இருக்கும், வாசலில் பெற்றோர் சங்கம் அடுப்பு மூட்டி சாசேஜ் விற்கும். அந்த ஊரில் இதெல்லாம் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. மாநிலத் தேர்தல், நாட்டுத் தேர்தல், நடுவில் ஒரு இடைத்தேர்தல் என்று பன்னிரண்டு தேர்தல்களை நோலீன் சாசேஜ் சுடும் அந்தச் சுடுகல்லின் பின்னால் நின்றே பார்த்திருக்கிறாள். மெர்வ் சாசேஜைப் புரட்டலாம். வெங்காயத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

பதின்மூன்றாவது தேர்தலில்தான் வினை வந்தது.

பள்ளியின் மண்டபத்துக்குத் தகரக் கூரை. அது பதினொரு இடத்தில் ஒழுகியது. ஒவ்வொரு ஓட்டையும் எந்தக் கல்வி மந்திரி காலத்தில் விழுந்ததோ அந்த மந்திரியின் பெயரையே நோலீன் அதற்கு வைத்திருந்தாள். "மேடைக்கு மேல இருக்கிற மந்திரி இன்னிக்கு ரொம்பப் பேசுறாரு, பெரிய வாளியா கொண்டா" என்பாள். ஒரு மந்திரி இரண்டு முறை பதவிக்கு வந்தார். அவர் பெயரில் இரண்டு ஓட்டை, அவள் கணக்கில் அவர் இரண்டு மந்திரி. இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் பத்தொன்பது வருஷம் ஓடியது. பிப்ரவரியில் ஓர் ஆய்வாளர் வந்தார், ஏணி போட்டு ஏறினார், இறங்கினார், யாரோடும் பேசாமல் போனார். பின்னாலேயே கடிதம் வந்தது. ஜூன் மாதத்துக்குள் புதுக் கூரை போடாவிட்டால் மண்டபத்தைப் பூட்டிவிட வேண்டும். கேன்டீனும் அதே கூரைக்குக் கீழேதான் இருந்தது.

வேலை போகும் என்பது ஒன்று. ஐம்பத்தொன்பது வயதில் அவளை யார் வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள்? ஆனால் அவள் கவலை அது மட்டுமில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு முப்பது பிள்ளைகள் வெறும் வயிற்றோடு மண்டபத்துக்கு வருவார்கள். ஏன் சாப்பிடவில்லை என்று நோலீன் ஒரு நாளும் கேட்டதில்லை. வாட்டிய ரொட்டியில் வெண்ணெயைத் தடவித் தடவி நீட்டுவாள், அவ்வளவுதான். மண்டபம் பூட்டினால் அந்த முப்பது பேரும் எங்கே போய் நிற்பார்கள்? அதை நினைத்தால் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

போதாக்குறைக்கு எதிர்ச்சாரியில் தனியார் பள்ளி. அதற்கு அரசாங்க மானியத்தில் போன வருஷம் ஒரு படகுக் கொட்டகை கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஊர் ஆற்றிலோ வருஷத்தில் ஒன்பது மாதம் மணல்தான் ஓடும். பளபளவென்று பன்னிரண்டு படகுகள் கொட்டகைக்குள் அடுக்கடுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"அவங்ககிட்ட படகு இருக்கு, நம்மகிட்ட தண்ணி இருக்கு. ரெண்டையும் ஒண்ணு சேர்த்தா ஊருக்கே நல்லது" என்றாள் நோலீன், பெற்றோர் சங்கக் கூட்டத்தில். கூட்டம் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

அந்தத் தேர்தலில் பள்ளிப் பணம்தான் பேச்சு. அரசுப் பள்ளிக்குச் சேர வேண்டியதில் எத்தனை சதவீதம் சேருகிறது, எத்தனை சேரவில்லை, மிச்சத்தை எந்த வருஷத்துக்குள் கொடுப்போம் என்று தொலைக்காட்சியில் இரண்டு கட்சித் தலைவர்களும் சண்டை போட்டார்கள். நோலீன் சோபாவில் உட்கார்ந்தபடி தொலைக்காட்சியோடு சண்டை போட்டாள்.

"சதவீதத்தைப் பிடிச்சு ஓட்டையில அடைக்க முடியுமாய்யா?"

"அந்த ஆளுக்கு நீ பேசுறது கேக்காது" என்றான் மெர்வ்.

"கேக்க வைக்கிறேன் பாரு."

அவளுடைய திட்டம் இதுதான்: மழை வர வேண்டும். தொகுதிக்குள் யார் எந்தச் சாவடியில் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். நோலீனின் வெங்காயத்துக்காகவே பதினைந்து மைல் வண்டியோட்டி வருகிறவர்கள் உண்டு. தொகுதியில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த மண்டபத்துக்குள் நுழைந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் பதினொரு மந்திரிகளும் சேர்ந்து ஒழுகிவிட்டால் வேறு பிரசாரமே வேண்டாம். ஊரில் எல்லாரும் வெயிலுக்கு வேண்டிக்கொள்ள, தேவாலயப் பக்கமே தலைவைத்துப் படுக்காத நோலீன் மழைக்கு வேண்டிக்கொண்டாள்.

"மழை பேஞ்சா எவன் வருவான்?" என்றான் மெர்வ்.

"வராட்டி அபராதம். எல்லாம் வருவானுங்க."

சனிக்கிழமை விடிந்தது. வானத்தைத் துடைத்து வைத்த மாதிரி ஒரு பொட்டு மேகம் இல்லை. இவ்வளவு அழகான காலைப்பொழுதை அவள் தன் வாழ்நாளில் இவ்வளவு திட்டியதில்லை.

சரி, மழை இல்லாவிட்டால் போகட்டும் என்று பழைய படுதாவில் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்ததை வாசலில் கட்டினாள்: 'படகு அங்கே, தண்ணீர் இங்கே.' கட்டி முடிக்குமுன் லைல் பப்வொர்த் அளவு நாடாவோடு வந்துவிட்டார். லைல் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அன்றைக்கு வாக்குச்சாவடி அதிகாரி. நோலீனோடு ஒரே வகுப்பில் படித்தவர். வாசலிலிருந்து ஆறு மீட்டருக்குள் பிரசாரம் கூடாது என்பது சட்டம். லைல் விடிவதற்கு முன்பே வந்து, ஆறு மீட்டரை மூன்று முறை அளந்து, சுண்ணாம்பில் கோடு கிழித்திருந்தார்.

"நோலீன், படுதாவைக் கழட்டு."

"இதுல எந்தக் கட்சி பேரு இருக்கு, சொல்லு?"

"கட்சி பேரு இல்ல. கருத்து இருக்கு."

"கருத்து இருக்கிறது தப்பா?"

"கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பு. அந்தப் பக்கம் எவ்வளவு வேணா வச்சுக்கோ."

கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்ட மரமும் இல்லை, கம்பமும் இல்லை. படுதாவை மடித்து அதன் மேல் வெங்காயக் கூடையை வைத்தாள். லைல் காசு கொடுத்து ஒரு சாசேஜ் வாங்கினார். விதி விதிதான், பசி பசிதான்.

பத்து மணிக்கு எம்.எல்.ஏ. ரோவன் பெல்ச்சர் வந்தார், வழக்கம்போல் சாசேஜோடு படம் எடுத்துக்கொள்ள. அவர் கட்சியின் நீலச் சட்டை புதுசாக மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரப் பெண் கேமராவைத் தூக்கினாள். நோலீன் விடவில்லை.

"படம் இருக்கட்டும் கண்ணு. எங்க கூரை என்னாச்சு?"

பெல்ச்சர் கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். வெயிலில் அது சமர்த்தாக மின்னிக்கொண்டிருந்தது. "எனக்கு நல்லாத்தான் தெரியுது நோலீன்! என் வீட்டுக் கூரைய விட ஜோரா இருக்கு!" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நோலீனுக்கு முகம் சுடுகல் மாதிரி காய்ந்துவிட்டது. நேற்றுவரை தன்னோடு சிரித்த ஊர், இன்றைக்குத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது. இருப்பதிலேயே கருகிய சாசேஜைப் பொறுக்கி எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

பதினொன்றுக்கு எதிர்க்கட்சி வேட்பாளர் ட்ரூடி வசிலாகிஸ் வந்தார். மஞ்சள் சட்டை. அவர் சிரிக்கவில்லை. நோலீனின் கையைப் பிடித்துக்கொண்டு, "பரிசீலனை பண்ணுவோம், கட்டாயம் பண்ணுவோம்" என்றார். நோலீனுக்கு அந்தச் சிரிப்பே தேவலை என்று தோன்றியது.

மதியம் இரண்டரை வரை சாசேஜ், சாசேஜ், சாசேஜ். கை தன் பாட்டுக்கு வேலை செய்ய, அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள். மேற்கே ஒரு கறுப்புத் திட்டு எழும்பியதை மெர்வ்தான் முதலில் பார்த்தான்.

"நோலீன்."

"என்ன?"

"உன் சாமி வருது."

சாதாரணமாக வரவில்லை. ஆலங்கட்டியோடு வந்தது. முதல் கல் சுடுகல்லில் விழுந்து 'சுர்' என்றது. இரண்டாவது கல் பெல்ச்சரின் மண்டையில் விழுந்தது. வரிசையில் நின்ற நூற்றைம்பது பேரும், கோட்டுக்கு வெளியே நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு வேட்பாளர்களும் ஒரே ஓட்டமாக மண்டபத்துக்குள் பாய்ந்தார்கள். லைல் வாசலில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"ஓட்டர்கள் வரலாம்! கட்சிச் சட்டை உள்ளே வரக் கூடாது!"

"யோவ், தலை உடையுதுய்யா!" என்று கத்தினார் பெல்ச்சர்.

"தலை வரலாம். சட்டை வரக் கூடாது."

நோலீனின் கண்கள் அப்போது மின்னிய மின்னலுக்கு வானத்து மின்னல் உறைபோடக் காணாது. கேன்டீனுக்குள் ஓடி, பள்ளியின் பெயர் பெரிதாக எழுதிய இரண்டு ஏப்ரன்களை எடுத்து வந்தாள். "இதை மேல மாட்டிக்கோங்க கண்ணுகளா, சட்டை மறைஞ்சிரும்." யாரிங்கல் அரசுப் பள்ளி என்று நெஞ்சில் எழுதியபடி இரண்டு கட்சிகளும் மண்டபத்துக்குள் நுழைந்தன.

உள்ளே பதினொரு மந்திரிகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்திருந்தார்கள். மேடைக்கு மேல் இருந்தவர் சொட்டவில்லை, கொட்டினார். தகரத்தின் மேல் ஆலங்கட்டி போட்ட சத்தத்தில் யார் பேசினாலும் கத்தினால்தான் கேட்டது. ஓட்டுப் போடும் அட்டைத் தடுப்புகள் நனைந்து ஒவ்வொன்றாகக் குனிந்து வணக்கம் சொன்னன. ஓட்டுப்பெட்டியும் அட்டைதான். லைல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "குடை! யாராவது குடை கொடுங்க!" என்று அலறினார். நோலீன் குடையை விரித்து அதன் மேல் பிடித்தாள். நல்ல வேளை, அந்த ஊரில் ஓட்டுப் போடுவது பென்சிலால், நனைந்தாலும் கரையாது.

"வாளி!" என்றாள் நோலீன். தலைமையாசிரியர் அஸோபார்டி அரசு ஊழியர், தேர்தல் நாளில் கூரையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் வாளி எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரு வாளியை எம்.எல்.ஏ.வின் கையிலும் இன்னொன்றை எதிர்க்கட்சியின் கையிலும் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

ஒரு மணி நேரம் இரண்டு வேட்பாளர்களும் வாளி தூக்கினார்கள். நிறைந்ததும் பக்கவாசலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடியும் தூக்கினார்கள். இதில் உச்சம் என்னவென்றால், அவர்கள் நிற்பது ஆறு மீட்டருக்குள். ஒரு வார்த்தை பிரசாரம் செய்யக் கூடாது. ஓட்டுப் போட வந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

"என்ன ரோவன், உன் வீட்டுக் கூரைய விட ஜோரா இருக்கா?" என்று ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் கேட்டார்.

பெல்ச்சர் வாயைத் திறந்தார். லைல் விரலைத் தூக்கினார். பெல்ச்சர் வாயை மூடினார்.

"ட்ரூடி, தண்ணியைப் பரிசீலனை பண்ணியாச்சா?"

ட்ரூடி வாயைத் திறந்தார். லைல் அந்தப் பக்கமும் விரலைத் தூக்கினார்.

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. பேச முடியாத அரசியல்வாதிகளை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு, நனைந்த தலையோடு, சொட்டுகிற இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய் ஓட்டுப் போட்டார்கள். பத்திரிகைக்காரப் பெண் எடுத்த படத்தில் இரண்டு கட்சிகளும் ஒரே மாதிரி ஏப்ரனில், ஒரே வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான்கு மணிக்கு ஆலங்கட்டி நின்றதும் இரண்டு பேரும் வாளியை வைத்துவிட்டு ஓடினார்கள், முதலில் வெளியே போய் வாயைத் திறப்பது யார் என்று. ஆனால் சுண்ணாம்புக் கோட்டை மழை கழுவிக்கொண்டு போயிருந்தது. கோடு எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"இருங்க" என்றார் லைல். நாடாவை எடுத்தார். நிதானமாக அளந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. இரண்டு வேட்பாளர்களும் ஒன்றுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி காலை மாற்றி மாற்றி நின்றார்கள். "ஆறு" என்று அவர் சொன்னதுதான் தாமதம்.

"புதுக் கூரை!" என்றார் பெல்ச்சர்.

"புதுக் கூரை, ஜூன் மாசத்துக்குள்ள ஆர்டர்!" என்றார் ட்ரூடி.

"கூரையும் புதுச் சமையலறையும்!"

"கூரை, சமையலறை, மண்டபத்துக்கு ஹீட்டர்!"

பத்திரிகைக்காரப் பெண் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தாள். நோலீன் இடுக்கியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். யார் ஜெயித்தாலும் கூரை வந்துவிட்டது. முப்பது பிள்ளைகளுக்கும் ரொட்டி இருக்கிறது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா நீச்சல் குளமும் கிடைச்சிருக்கும்" என்றான் மெர்வ்.

"அதான் உள்ளயே இருக்கே" என்றாள் நோலீன்.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது தேர்தல் இல்லை, திருவிழா. மிச்சமிருந்த சாசேஜையெல்லாம் இலவசமாகக் கொடுத்தாள். வெங்காயத்தைக்கூட மெர்வ் கையில் விட்டுவிட்டு ஆட்டுப் பண்ணைக்காரரோடு நனைந்த புல்லில் இரண்டு சுற்று ஆடினாள். ஆறு மணி அடித்தது. லைல் மண்டபக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நோலீன் நடுச்சுற்றில் நின்றாள்.

"மெர்வ். நான் ஓட்டுப் போட்டேனா?"

மெர்வ் யோசித்தான். "நான் போட்டேன். பத்தரைக்கு. நீதான் அடுப்பைப் பாத்துக்கிட்டே."

நோலீன் ஓடினாள். கதவுக் கண்ணாடிக்கு உள்ளே லைல் சாவியோடு நின்றார்.

"லைல்! கதவைத் திற! நான் இன்னும் ஓட்டே போடலை!"

லைல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கிப்போனது. "ஆறு ஒண்ணு ஆயிருச்சு நோலீன்."

"காலைல அஞ்சு மணிலேருந்து இங்கதான்யா நிக்கிறேன்! ஊரையே உள்ள அனுப்பி வச்சேன்! உன் பெட்டிக்குக் குடை பிடிச்சேன்!"

"பிடிச்சே. ஆனா ஆறு ஒண்ணு." நாற்பது வருஷம் ரயிலை நேரத்துக்கு அனுப்பிய மனிதர். "எங்கம்மா வந்து கேட்டாலும் திறக்க முடியாது, தெரியுமில்ல?"

தெரியும். நோலீன் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலும் தவறவிட்டதில்லை. மூன்றாவது பையன் பிறந்த மறுநாள்கூட ஆஸ்பத்திரியிலேயே ஓட்டுப் போட்டவள். அவளுக்கு உண்மையாகவே வலித்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லைல் அழுவதைப் பார்த்ததும், பாவம் என்று அவரைச் சமாதானப்படுத்தத் தொடங்கினாள். "விடு கண்ணு. ஒரு சாசேஜ் எடுத்து வச்சிருக்கேன். எண்ணி முடிச்சிட்டு வந்து தின்னு."

ட்ரூடி நானூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். வாளிப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டதால் வார்த்தையை விழுங்க வழியில்லாமல் போனது. ஜூன் மாதம் மண்டபத்தைப் பூட்ட யாரும் வரவில்லை. ஜூலை விடுமுறையில் பழைய தகரம் இறங்கியது, புதுத் தகரம் ஏறியது. ஹீட்டர் மட்டும் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

ஆகஸ்டில் நோலீனுக்குத் தேர்தல் அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. நீங்கள் ஓட்டுப் போடவில்லை, தகுந்த காரணம் இருந்தால் எழுதுக, இல்லையேல் அபராதம். ஊரே கேன்டீன் ஜன்னலில் கூடிக் காரணம் சொல்லிக் கொடுத்தது. நெஞ்சு வலின்னு எழுது, ஆலங்கட்டி தலையில பட்டு ஞாபகம் போயிருச்சுன்னு எழுது. தலைமையாசிரியர் அஸோபார்டி இலக்கணப் பிழை இல்லாமல் ஒரு முழுப் பக்கம் எழுதியே கொடுத்தார். லைல் மட்டும், "நான் சாட்சி சொல்றேன், உண்மையை மட்டும்" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணி. முப்பது பிள்ளைகளும் ரொட்டியோடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நோலீன் படிவத்தைக் கல்லாவின் மேல் விரித்துவைத்து, பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். சடசடவென்று மழை பிடித்தது. பிள்ளைகள் பழக்கத்தில் ரொட்டியைக் கையால் மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். நோலீனும் பார்த்தாள். மேடைக்கு மேல் பார்த்தாள், ஜன்னலோரம் பார்த்தாள், பதினொரு இடமும் பார்த்தாள். பிள்ளைகள் மெல்லக் கையை எடுத்துவிட்டுத் தின்னத் தொடங்கினார்கள்.

நோலீன் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேனாவை எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்:

'மறந்துவிட்டேன். மன்னிக்கவும். அபராதம் கட்டிவிடுகிறேன். இங்கே இப்போது மழை பெய்கிறது, ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.'